பாய்லர் மாற்றி நான்கு குளிர்காலம்

வீட்டைச் சூடாக்கி வெந்நீரும் தருகிற எங்கள் பழைய கேஸ் பாய்லர் ஒரே நாளில் போகவில்லை. கெட்டிலில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி முதலில் ஒரு முனகல் வந்தது. அப்புறம் டொக்கென்று அணையும், ஐந்து நிமிடத்தில் திரும்பப் பற்றும். ராத்திரி முழுக்க இதே கதைதான். ஒருநாள் உள்ளிருந்து தண்ணீர் கசிய ஆரம்பித்தது. பார்க்க வந்தவர், "உள்ளே ஹீட் எக்ஸ்சேஞ்சரே அரிச்சுப் போச்சு சார், இந்த மாடலுக்கு இப்போ பார்ட்ஸ் வர்றதில்லை" என்றார். கேஸ் எரிகிற சூட்டைத் தண்ணீருக்கு மாற்றுகிற பகுதி அது. குளிர்காலம் பாதியில் இருந்தது.

மூன்று பேரிடம் விலை கேட்டேன். முதலில் வந்தவர் பழைய பாய்லரின் தகட்டில் 30 கிலோவாட் என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, "அதே 30 போட்டுடலாம், இல்லேன்னா 35 போடுங்க, பவர் கூட இருந்தா நல்லதுதானே" என்று ஐந்தே நிமிடத்தில் விலையைச் சொல்லிவிட்டார். இரண்டாமவர், பாய்லரின் வெந்நீர் ஓடி அறைகளைச் சூடாக்குகிற ரேடியேட்டர்களை எண்ணினார், எண்ணிவிட்டு அவரும் 30 என்றார். மூன்றாமவர் மட்டும், "நல்ல குளிர் அடிக்கிற ஒரு நாள்ல கேஸ் மீட்டர் எவ்வளவு ஓடுதுன்னு குறிச்சு வைங்க, அதுக்கப்புறம் பேசலாம்" என்றார். கசிவைத் தற்காலிகமாக அடைத்துக் கொடுத்துவிட்டுப் போனவரும் அவர்தான். எனக்குப் பாதி எரிச்சல், பாதி நம்பிக்கை. இப்போது யோசித்தால், இந்தக் கதையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அவரிடம் வேலையைக் கொடுத்ததுதான்.

வெளியே மைனஸ் 2 டிகிரி இருந்த ஒரு நாளில் ஹீட்டிங்கை இரவும் பகலும் ஓட விட்டு, காலை ஏழு மணிக்கும் மறுநாள் காலை ஏழு மணிக்கும் மீட்டரைக் குறித்தேன். 18 கன மீட்டர் ஓடியிருந்தது. ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயுவில் ஏறக்குறைய பத்தரை முதல் 11 யூனிட் வெப்பம் இருக்கும். ஆக மொத்தம் சுமார் 190 யூனிட். பழைய பாய்லர் அதில் முக்கால் பங்கைத்தான் வீட்டுக்குக் கொடுத்திருக்கும், மீதி புகைக்குழாய் வழியாக வானத்துக்குப் போயிருக்கும். 24 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 6 யூனிட், அதாவது 6 கிலோவாட். இன்னும் கடுங்குளிர் வந்தாலும் 8 போதும். குளிக்க வெந்நீர் போட்டதும் இந்தக் கணக்கிலேயே அடக்கம் என்பதால், உண்மையான தேவை இன்னும் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்திருக்கும்.

8 போதும் என்கிற வீட்டில் 30 உட்கார்ந்திருந்தது. அந்த டொக் டொக் சத்தத்துக்கு இதுவும் ஒரு காரணம். பெரிய பாய்லர் தண்ணீரைச் சட்டென்று சூடாக்கிவிடும். அவ்வளவு வெப்பத்தை ரேடியேட்டர்கள் வாங்கிக்கொள்ளாது. உடனே அணையும், தண்ணீர் ஆறியதும் மறுபடி பற்றும். ஒவ்வொரு தடவை பற்றும்போதும் கேஸ் வீண், தேய்மானமும் கூட.

அப்படியென்றால் 8 கிலோவாட் பாய்லர் வாங்கினால் ஆயிற்றே என்று நினைத்தேன். அங்கேதான் காம்பி பாய்லரின் சிக்கல் வந்தது. டேங்க் இல்லாமல் குழாயைத் திறந்ததும் வெந்நீர் தருவது காம்பி. அதற்கு நிறைய பவர் தேவை. 24 கிலோவாட் இருந்தால், தண்ணீரின் சூட்டை 35 டிகிரி உயர்த்தி நிமிடத்துக்குச் சுமார் 10 லிட்டர் தரும். ஒரு ஷவருக்கு இது தாராளம், இரண்டு ஷவருக்கு ஆகாது. எங்கள் வீட்டில் ஒரே குளியலறை என்பதால் 24 கிலோவாட் காம்பியே எடுத்தோம். இரண்டு குளியலறை இருந்து, காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புகிற வீடாக இருந்தால், இடம் போனாலும் பரவாயில்லை, வெந்நீர் டேங்கை விட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டிலேயே ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் சமையலறையில் வெந்நீரைத் திறந்தால் குளியலறையிலிருந்து சத்தம் வரும்.

வெந்நீருக்காக 24 வாங்கினாலும் ஹீட்டிங்குக்கு அது அடங்கி எரிய வேண்டும். அதனால் நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிற அதிகபட்ச பவரைவிட, உள்ளே பொடி எழுத்தில் இருக்கிற குறைந்தபட்ச பவர்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. நான் எடுத்தது 2.4 வரை இறங்கும். அதே விலையில் பார்த்த இன்னொன்று 7-க்குக் கீழே இறங்காது. இளங்குளிர் நாட்களில் வீட்டுக்கு 3 கிலோவாட் போதும் என்னும்போது, அந்த இன்னொன்றும் பழையதைப் போலவே டொக் டொக்கென்றுதான் ஓடியிருக்கும். ஹீட்டிங்குக்கு 10-க்கு மேல் போக வேண்டாம் என்று செட்டிங்கிலேயே வரம்பு வைத்தார் டெக்னீஷியன். பிராண்டைப் பற்றி நான் படித்ததெல்லாம் வீண் என்று சொல்லமாட்டேன், ஆனால் இந்த ஒரு எண் அளவுக்கு எதுவும் உதவவில்லை.

பொருத்துவதற்கு இரண்டு நாள் ஆனது. முதல் நாள் பெரும்பாலும் பழைய குழாய்களைக் கழுவுவதிலேயே போனது. ரேடியேட்டரிலிருந்து வந்த தண்ணீர் கறுப்பு மை மாதிரி இருந்தது. இரும்பு துருப்பிடித்து வரும் வண்டல் அது. அதைக் கழுவாமல் புது பாய்லரைப் போட்டால், ஹீட் எக்ஸ்சேஞ்சரின் மெல்லிய வழிகள் அடைத்துக்கொள்ளும். கழுவி முடித்து, துருத் தடுப்புத் திரவம் ஊற்றி, திரும்பி வரும் குழாயில் காந்த ஃபில்டர் ஒன்றையும் மாட்டினார். வருஷத்துக்கு ஒரு முறை அந்தக் காந்தத்தை வெளியே எடுப்பார். முதல் வருஷம் கண் மை பதத்தில் ஒரு விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. போன முறை லேசான பூச்சுதான்.

எதிர்பாராத செலவு ஒன்று: கேஸ் குழாய் சிறியதாக இருந்ததால், மீட்டரிலிருந்து பாய்லர் வரை பெரிய குழாய் போட வேண்டியதாயிற்று. வெந்நீர் போடும்போது பாய்லர் முழு வேகத்தில் எரியும், கேஸ் பிரஷர் போதாமல் போகக்கூடாது. விலை கேட்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். பழைய புகைக்குழாயும் உதவாது, புதிது போட்டாக வேண்டும். அதன் வாய் எங்கே வருகிறது என்பதை நான் சரியாகக் கவனிக்கவில்லை. இப்போது குளிர் நாட்களில் வெள்ளை ஆவி சமையலறை ஜன்னலை உரசிக்கொண்டு போகிறது. விதிப்படி இருக்க வேண்டிய தூரம் இருக்கிறது, ஆபத்து எதுவும் இல்லை, ஆனால் பார்க்கும்போதெல்லாம் என்னையே திட்டிக்கொள்கிறேன். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் கையோடு வாங்கி மாட்டினேன். அதில் பேரம் பேசுவதற்கு ஒன்றுமில்லை.

முதல் குளிர்காலம் ஏமாற்றம்தான். கேஸ் பில் குறைந்தது, ஆனால் சொன்ன அளவுக்கு இல்லை. காரணம் தெரியவே ஒரு வருஷம் ஆனது. நாங்கள் போட்டது கண்டென்சிங் வகை. அது மிச்சப்படுத்தும் விதம் இதுதான்: கேஸ் எரிந்தால் நீராவி வரும், ஒரு கன மீட்டருக்கு ஒன்றரை லிட்டருக்கும் மேல். அந்த ஆவி தண்ணீராக மாறும்போது விடுகிற வெப்பத்தையும் பாய்லர் பிடித்துக்கொள்ளும். ஆனால் ரேடியேட்டர்களைச் சுற்றித் திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் ஆவி குளிர்ந்து தண்ணீராகும். எங்கள் பாய்லர் 75 டிகிரியில் தண்ணீரை அனுப்பிக்கொண்டிருந்தது. திரும்பி வருவதே 60. பெயருக்குத்தான் கண்டென்சிங்.

இரண்டாம் வருஷம், ஒரு ராத்திரி அந்தத் தண்ணீர் வெளியேறுகிற வடிகுழாயைக் கழற்றி அதன் கீழே ஒரு பக்கெட்டை வைத்துப் பார்த்தேன். காலையில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட இல்லை. மறுநாள் பாய்லர் அனுப்பும் தண்ணீரின் சூட்டை 50 டிகிரிக்குக் குறைத்தேன். அடுத்த காலை பக்கெட்டில் சில லிட்டர் இருந்தது. அவ்வளவும் முந்தைய ராத்திரி வரை ஆவியாக வெளியே போய்க்கொண்டிருந்த தண்ணீர். (கையால் தொட வேண்டாம், அது லேசான அமிலம். அதனால்தான் வடிகுழாயைச் செம்பில் போடாமல் பிளாஸ்டிக்கில் போடுகிறார்கள்.)

குறைத்த மறுநாளே அம்மா கேட்டார்: "ஏண்டா, ரேடியேட்டர் சூடே இல்லையே, புது பாய்லரும் போயிடுச்சா?" கை வைத்தால் சுடவேண்டும் என்பது அவர் கணக்கு. அதில் ஒரு நியாயமும் உண்டு. தண்ணீர் 75-இல் போய் 65-இல் திரும்பினால் ரேடியேட்டர் தருகிற வெப்பத்தில், 55-இல் போய் 45-இல் திரும்பும்போது பாதிதான் கிடைக்கும். அதனால் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் நான்கு மணி நேரம் என்று போடுகிற பழக்கத்தை விட்டுவிட்டு, நாள் முழுக்க மெதுவாக ஓட விட்டோம். மூன்று நாளில் அம்மா சமாதானமானார். வீட்டின் சுவர்களே சூடேறியதும் அந்தச் சில்லென்ற உணர்வு போய்விட்டது. கடைசி அறை மட்டும் ஆறியே கிடந்தது. அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செலவழித்து, ஒவ்வொரு ரேடியேட்டரின் மறுமுனையிலும் மூடிக்குள் ஒளிந்திருக்கும் வால்வைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருப்பி, பாய்லருக்குப் பக்கத்து அறைகளில் கொஞ்சம் இறுக்கி, கடைசி அறையில் முழுதாகத் திறந்தேன். சலிப்பான வேலை, ஆனால் செலவில்லாதது.

இப்போது வெளியே ஒரு சென்சாரும் மாட்டியிருக்கிறேன். வெளிக்குளிர் கூடினால் பாய்லர் தானாகவே சூட்டைக் கூட்டிக்கொள்ளும், குறைந்தால் குறைத்துக்கொள்ளும். பழைய பாய்லரோடு ஒப்பிட்டால் கேஸ் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. இதில் போன குளிர்காலம் மிதமாக இருந்ததும் கொஞ்சம் உண்டு. நோட்டீஸில் 108 சதவீதத் திறன் என்று பார்த்தால் மயங்காதீர்கள். அது ஆவியின் வெப்பத்தைச் சேர்க்காமல் கேஸை அளந்து, வருகிற வெப்பத்தில் மட்டும் அதைச் சேர்த்துக்கொள்கிற கணக்கு. ஆவியின் வெப்பத்தையும் கேஸ் கணக்கில் சேர்த்து அளந்தால், 90-ஐத் தாண்டி ஓடினாலே நல்ல பாய்லர்தான்.

கோளாறுகளையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வருஷம் ஒரு விடியற்காலை, பாய்லருக்குள் யாரோ ஸ்ட்ரா வைத்து உறிஞ்சுகிற மாதிரி களகளவென்று சத்தம், அப்புறம் மௌனம். வெளிச்சுவர் வழியாகப் போகும் மெல்லிய வடிகுழாய் உறைந்துபோய், தண்ணீர் உள்ளே தேங்கி, பாய்லர் தானே நிறுத்திக்கொண்டிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரைக் குழாயின் மேல் ஊற்றி, ரீசெட் அழுத்தியதும் ஓடியது. கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் குழாய் வெடிக்கலாம். பிறகு அந்த வெளிப்பகுதியைத் தடித்த குழாயாக மாற்றி உறை போட்டோம். முதலிலேயே செய்திருக்க வேண்டியது. அந்த விஷயத்தில் நம்பிக்கைக்குரிய நம் டெக்னீஷியனும் கோட்டை விட்டுவிட்டார்.

இந்த வருஷம் வேறொன்று. பாய்லர் ஆறியிருக்கும்போது பிரஷர் மீட்டரின் முள் 1 பாருக்கும் ஒன்றரை பாருக்கும் நடுவில் இருக்க வேண்டும். அது இறங்கிக்கொண்டே போனதால் வாரம் ஒரு முறை தண்ணீர் ஏற்ற வேண்டியிருந்தது, வீட்டுக்குள் எங்கும் கசிவில்லை. ஹீட்டிங் ஓடும்போது முள்ளைப் பார்த்தேன், 3-ஐத் தொட்டது. வெளியே போய்ப் பார்த்தால், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சின்னச் செம்புக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. சூடானால் பெருகுகிற தண்ணீருக்கு இடம் கொடுக்கிற எக்ஸ்பேன்ஷன் வெசலில் காற்று இறங்கிப்போயிருக்கிறது. பிரஷர் கூடியதும் பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீரை வெளியே விட்டிருக்கிறது. டெக்னீஷியன் சைக்கிள் பம்ப் மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து கால் மணி நேரத்தில் காற்றடித்துவிட்டு, "திரும்ப இறங்குச்சுன்னா உள்ளே ரப்பர் போயிருக்கும், வெசலையே மாத்தணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறு வாரமாகிறது, முள் இன்னும் 1.3-இலேயே நிற்கிறது.