மரத்தளம் போடப் போகிறீர்களா? எங்களுக்கு நடந்ததைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்

டங் அண்ட் குரூவ் பலகையில் மரத்தளம் போடக் கொடுத்து நாங்கள் பட்ட பாடு இது. கான்ட்ராக்டரின் பெயரை எழுதவில்லை. அவர் செய்த வேலையை எழுதுகிறேன், உங்கள் வீட்டில் யார் செய்தாலும் அடையாளம் தெரிய வேண்டும்.

பலகையின் ஒரு ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு, மறு ஓரத்தில் காடி, அதாவது நீளப் பள்ளம். ஒன்றின் நாக்கு அடுத்ததன் காடிக்குள் போய் உட்காரும். ஆணியை நாக்கின் மேல் சாய்த்து அடிப்பார்கள், அடுத்த பலகை அதை மூடிவிடும். முடிந்த தளத்தில் ஆணித் தலையே தெரியாது. ஏமாற்றுபவருக்கு வசதியும் இதுதான். முந்தின பலகையில் செய்த கோளாறை அடுத்த பலகை மறைத்துவிடுகிறது.

சூளையில் காய வைத்த மரம் என்று சொல்லித்தான் விற்றார். வண்டியில் வந்து இறங்கிய அன்றே பதிக்க ஆரம்பித்தார்கள். சில நாள் வீட்டுக்குள் அடுக்கி வைத்துப் பழக விட வேண்டாமா என்று கேட்டதற்கு, "காய்ஞ்ச மரம் சார், அதெல்லாம் தேவையில்லை" என்றார். ஈரப்பதம் பார்க்கும் மீட்டரைக் கொண்டுவரச் சொன்னேன். கடைசிவரை வரவில்லை. முடித்த அன்று தளம் அழகாகத்தான் இருந்தது. பாக்கிப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார்.

வெயில் காலத்தில் பிளவு விட்டது. மரம் காயும்போது நீளத்தில் அநேகமாகச் சுருங்காது, அகலத்தில்தான் சுருங்கும். மரத்தின் ஈரப்பதம் 4 சதவீதம் இறங்கினால் 100 மி.மீ. பலகை ஏறக்குறைய 1 மி.மீ. குறையும். அது எல்லா இணைப்புக்கும் பிரிந்து போனால் பெரிதாகத் தெரியாது. நாக்கு காடிக்குள் சற்று நகரும், அவ்வளவுதான். அப்படி நகர்வதற்காகத்தான் இந்த இணைப்பே. எங்கள் தளத்தில் நாக்குகளைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். நாலைந்து பலகை ஒன்றாகச் சேர்ந்து சுருங்கி, ஒட்டு விட்ட இடத்தில் வாய் பிளந்தது. சில பலகைகள் நெடுக வெடித்தே போயின.

கூப்பிட்டதும் வந்தார். மரத்தூளையும் பசையையும் குழைத்துப் பிளவுகளை அடைத்து, பாலிஷ் போட்டு, அதற்கும் தனியாகப் பணம் வாங்கினார். எனக்கு அதிகக் கோபம் இதில்தான். காய்ந்து சுருங்கிய மரம் மழையில் மறுபடி விரியும் என்பது மரவேலை பார்க்கும் எவருக்கும் தெரியும். விரிய இருந்த இடத்தை அடைத்தாகிவிட்டது. சுவரோரம் விட வேண்டிய 10 முதல் 12 மி.மீ. இடைவெளியும் இல்லை. சுவரடியில் அடிக்கும் ஸ்கர்ட்டிங் பட்டையைக் கழற்றினால் பலகை சுவர்ப் பூச்சில் முட்டி, பூச்சு பொடியாக உதிர்ந்து கிடந்தது. மழை பிடித்ததும் தளத்தின் நடுவில் பலகைகள் கூடாரம் போலத் தூக்கிக்கொண்டன.

அங்கே பெயர்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. வளைந்திருந்ததால் காடிக்குள் ஏறாத பலகைகளின் நாக்கை ரம்பத்தால் அறுத்தே எடுத்திருக்கிறார்கள். ஓரத்தில் ரம்பப் பல் பட்ட கோடுகள் அப்படியே இருந்தன. அவற்றை மேலிருந்து ஆணி அடித்து, ஆணித் தலையைப் பட்டி வைத்து மறைத்திருந்தார்கள். "கிளைமேட் மாறினா மரம் அப்படித்தான் சார்" என்பது அவர் பதில். இப்போது வேறொரு ஆசாரி மொத்தத்தையும் பெயர்க்கிறார். பசை இறுகப் பிடித்திருப்பதால் கழற்றும்போதே நாக்குகள் உடைகின்றன, நல்ல பலகைகளும் வீண்.

நீங்கள் மீட்டரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பலகைக்கும் அடியில் வரும் ப்ளைவுட்டுக்கும் ஈரப்பத வித்தியாசம் 4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 3 அங்குலமும் அதற்கு மேலும் அகலமான பலகை என்றால் 2 சதவீதம். ஸ்கர்ட்டிங் அடிக்கும் முன் சுவரோர இடைவெளியை அளந்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வெயிலும் ஒரு மழையும் போன பிறகே கடைசித் தவணை என்று வேலை ஆரம்பிக்கும் முன்பே எழுதி வாங்குங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.