இரும்பா, ஒட்சைட்டு–சியோலைற்று இணையா?

திருகோணமலையில் சீனன்குடாவின் பழைய எண்ணெய்த் தாங்கிகளைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு எரிபொருள் வேதியியல்தான் ஞாபகம் வரும். காபனோரொட்சைட்டையும் ஐதரசனையும் சேர்த்து எதீன், புரொப்பீன் போன்ற சிறு ஐதரோகாபன்களாக்க எந்த ஊக்கி (தாக்கத்தை விரைவாக்கும் பொருள்) நல்லது?

இரும்பு மலிவு. 1920களில் ஜெர்மன் வேதியியலாளர்கள் பிஷரும் துரோப்சும் தொடங்கிய வழியில் இன்றும் அது பரவலாகப் பயன்படுகிறது. காபனீரொட்சைட்டையும் ஓரளவு சமாளிக்கும். ஆனால் அதன் மேற்பரப்பில் காபன் சங்கிலி கட்டுப்பாடின்றி நீளும். இரண்டு முதல் நான்கு காபன் கொண்டவை கணக்குப்படி 58 சதவீதத்தைத் தாண்டாது. மிச்சம் மெதேனும், டீசல், மெழுகு போன்ற நீண்ட சங்கிலிகளும்.

ஒட்சைட்டும் சியோலைற்றும் சேர்ந்த இணை ஊக்கி வேலையைப் பங்கு போடுகிறது. சிங்க்–குரோமியம் ஒட்சைட்டு காபனோரொட்சைட்டை உடைக்கும். சங்கிலி சேர்வது, நுண்துளைகள் நிறைந்த படிகமான சியோலைற்றின் துளைக்குள். அந்த வாசல் சிறியது, பெரிய மூலக்கூறு வெளியே வராது. சீனாவின் தாலியனில் 2016இல் காட்டியது இதுதான்: ஐதரோகாபன்களில் 80 சதவீதம் சிறு ஒலிபீன்கள் (எதீன், புரொப்பீன் போன்றவை). சரி, குறை? ஒரு தடவையில் மாறியது காபனோரொட்சைட்டில் 17 சதவீதம் மட்டுமே, அதிலும் நிறையக் காபனீரொட்சைட்டாகப் போகிறது.

பிளாஸ்டிக் மூலப்பொருள்தான் இலக்கென்றால் நான் இணை ஊக்கியையே எடுப்பேன். டீசல் வேண்டுமென்றால் இரும்பை விட்டு நகர மாட்டேன்.