திறந்த அலமாரியா, தேதி போட்ட வகுப்பா?

இலவச இணையப் படிப்பு என்று ஒரே பெயரில் சொல்கிறோம். உள்ளே போனால் இரண்டும் வேறு வேறு. ஒன்று, அமெரிக்கப் பல்கலைக்கழகமான எம்ஐடி 2001இல் அறிவித்த ஓபன்கோர்ஸ்வேர். நான் திறந்த அலமாரி என்பது இதைத்தான். வகுப்புக் குறிப்பு, வீட்டுக்கணக்கு, பழைய தேர்வுத்தாள், பல பாடங்களுக்கு வீடியோ என எல்லாம் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பெயர்கூடப் பதிய வேண்டாம். இன்னொன்று, 2012இல் வந்த கோர்செரா, எட்எக்ஸ் போன்ற தளங்கள் நடத்தும் தேதி போட்ட வகுப்பு. வாரப் பாடம், கெடு, தேர்வு, கடைசியில் சான்றிதழ்.

கெடு இருந்தால்தான் படிப்போம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் எட்எக்ஸுக்குப் பிள்ளையார் சுழி போட்ட எம்ஐடியின் மின்சுற்றுப் பாடத்தில் 2012இல் சேர்ந்தவர்கள் சுமார் 1,55,000 பேர்; தேறியவர்கள் 7,157 பேர். நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. வேடிக்கை பார்க்கச் சேர்ந்தவர்களைக் கழித்தாலும், கெடு மட்டும் யாரையும் கரையேற்றிவிடாது என்பது தெரிகிறது.

அதே பாடத்தில் மங்கோலியாவின் 15 வயதுப் பையன் ஒருவன் முழு மதிப்பெண் வாங்கினான். பலரும் அவன் அறிவை மட்டுமே பேசினார்கள். அவனுடைய பள்ளித் தலைமையாசிரியர் எம்ஐடியில் படித்தவர். செய்முறைக் கருவிகளோடு ஓர் ஆசிரியரும் வந்து கூடவே சொல்லிக்கொடுத்தார். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். வீடியோ உலகம் முழுக்கப் போய்விடும். தப்பான விடையைப் பார்த்து "எங்கே சறுக்கினாய்?" என்று கேட்க ஆள் வேண்டும்.

இந்த விஷயத்தில் அலமாரி சுத்தமாகக் கைவிட்டுவிடும், அங்கே கேள்வி கேட்டால் பதில் சொல்ல யாரும் இல்லை. வகுப்பிலாவது சக மாணவர்கள் உண்டு. ஆனால் வகுப்பின் இலவசம் வருடா வருடம் சுருங்குகிறது. பாதியில் விட்ட ஒரு பாடத்துக்குச் சில மாதம் கழித்துத் திரும்பிப் போனேன். பயிற்சிக் கணக்கின் மேல் பூட்டுப் படம், பக்கத்திலேயே பணம் கட்டும் பொத்தான். நான் எழுதி வைத்த விடைகளைக்கூடப் பார்க்க முடியவில்லை. உண்மையிலேயே வலித்தது. வேலை, குழந்தை, நோய் என்று இடையில் நின்றுபோகிறவர்களுக்குத்தான் இலவசப் படிப்பு அதிகம் தேவை. பூட்டு விழுவதும் அவர்கள் மேல்தான்.

ஓபன்கோர்ஸ்வேரில் பூட்டு கிடையாது. வீடியோவை இறக்கி வைத்து இணையம் இல்லாத இடத்திலும் பார்க்கலாம். லாப நோக்கமில்லாமல் மொழிபெயர்த்துப் பகிரவும் அதன் உரிமம் இடம் தருகிறது. ஆங்கிலம் தடையாக இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம்.

பள்ளிக் கணக்கே தடுமாற்றம் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு, பள்ளிப் பாடம் சொல்லித்தரும் கான் அகாடமி தளத்துக்குப் போங்கள். கணக்குக்குக் கணக்கு குறிப்பு கிடைக்கும், முழுக்க இலவசம்.

மற்றவர்களுக்கு என் ஓட்டு அலமாரிக்குத்தான். கூடப் படிக்க ஒருவரையாவது பிடித்துக்கொண்டு, வாரம் ஒருநாள் விடைத்தாளை மாற்றித் திருத்துங்கள். வேலைக்குச் சான்றிதழ் கட்டாயம் என்றால் மட்டும் வகுப்பில் பணம் கட்டலாம். அதையும் முதல் இரண்டு வாரப் பாடம் முடித்த அப்புறம் செய்யுங்கள்.