ஓடை வெள்ளத்துக்கு மண் அணையா, குளமா, கால்வாயா?

2021 டிசம்பர் வெள்ளம் மலேசியாவின் உலு லங்காட் பள்ளத்தாக்கைச் சூறையாடிய பிறகு, கோலாலம்பூரை ஒட்டிய மலையடிவாரக் கம்பங்களில் (கிராமங்களில்) வெள்ளத் தடுப்பு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் மூன்று தீர்வுகள் முன்வைக்கப்படுகின்றன: ஓடையை அகலப்படுத்திச் சிமெண்டுக் கால்வாயாக்குவது, தேக்கக் குளம் வெட்டுவது, மேட்டுப் பகுதியில் சிறு மண் அணை எழுப்புவது.

கால்வாய்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. விரைவில் கட்டி முடிக்கலாம், பலனும் உடனே கண்ணுக்குத் தெரியும். ஆனால், நம் கம்பத்தை விட்டு விரைந்தோடும் நீர் அடுத்த கம்பத்தில் இன்னும் உயரமாக எழுகிறது. வடிகால், நீர்ப்பாசன இலாகா 2000-இல் வெளியிட்ட மழைநீர் மேலாண்மைக் கையேடே, நீரை அவசரமாக வெளியேற்றுவதைக் காட்டிலும் அது திரளும் இடத்திலேயே கட்டுப்படுத்துவதை வலியுறுத்தியது. ஆகவே உண்மையான போட்டி குளத்துக்கும் அணைக்கும் இடையில்தான்.

கோலாலம்பூரில் ஈயச் சுரங்கங்கள் விட்டுச்சென்ற பள்ளங்கள் பல, வெள்ளத் தேக்கக் குளங்களாகப் பயன்படுகின்றன. மலையடிவாரத்தில் அந்த வசதி இல்லை. ஒவ்வொரு கனமீட்டர் மண்ணையும் தோண்டியே அகற்ற வேண்டும். 1 சதுர கிலோமீட்டர் பரப்பில் 100 மில்லிமீட்டர் மழை கொட்டினால் விழும் நீர் 1 லட்சம் கனமீட்டர். 1 ஹெக்டேரில் 2 மீட்டர் ஆழத்துக்கு வெட்டிய குளமோ 20,000 கனமீட்டர்தான் கொள்ளும். குறுகிய பள்ளத்தாக்கின் வாயை அடைக்கும் மண் அணைக்கு இரு பக்கக் குன்றுகளே சுவராகிவிடுவதால், குறைந்த மண்வேலையில் மிகுந்த நீரை நிறுத்த முடிகிறது. அடி மதகு எப்போதும் திறந்தே இருக்கும். மதகு விடக்கூடிய அளவுக்கு மேல் வரும் நீர் மட்டும் பின்னால் தேங்கி, மழை ஓய்ந்ததும் வடிந்துவிடும். பழத்தோட்டப் பாசனத்துக்காக அதில் நீர் நிறுத்திவைக்கும் ஆசை எழக்கூடும். அதற்கு இடங்கொடுக்கக் கூடாது. 1987-இல் முடிக்கப்பட்ட ‘பத்து’ (Batu) என்னும் பெரிய அணை குடிநீரையும் வெள்ளத்தையும் சேர்த்தே கவனிக்கிறது என்றால், அதற்கேற்ற கொள்ளளவும் ஆட்பலமும் அதற்கு உண்டு. நிரம்பிய சிற்றணை வெள்ளத்துக்கு உதவாது.

அணையின் ஆபத்தையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். குளம் நிரம்பினால் வழியும். மண் அணையின் தலைக்கு மேல் நீர் ஏறினால் கரை அரித்து உடையும். வெள்ளத்தைத் தடுக்கக் கட்டப்பட்ட இரு அணைகள் 2023 செப்டம்பரில் லிபியாவின் டெர்னா நகருக்கு மேலே உடைந்து, ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டன. அதனால் உபரி நீருக்கான கலிங்கைக் கொட்டிய மண்ணின்மேல் அமைக்காமல், பக்கத்துக் குன்றின் இயற்கை நிலத்தில் வெட்ட வேண்டும். களிமண்ணை மெல்லிய அடுக்குகளாக இறுக்க வேண்டும். மதகுக் குழாயை ஒட்டி நீர் ஊறி மண்ணை அரிக்காதபடி மணல் வடிகட்டி வைக்க வேண்டும். உலு லங்காட்டில் வெள்ளத்தோடு மரக்கட்டைகள் உருண்டு வந்ததை மறக்காமல், மதகின் முன் வலுவான கம்பித் தடுப்பும் வேண்டும். கரையில் முளைக்கும் மரங்களை வேர் இறங்குமுன் அகற்றுவது ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலை.

அணைக்கு நேர் கீழே வீடுகள் இருந்தால், செலவு கூடினாலும் குளத்தையே தேர்ந்தெடுப்பேன். இடையில் ரப்பர்த் தோட்டமோ வெற்று நிலமோ இருந்தால் மண் அணையே மேல். கலிங்குக்கும் பராமரிப்புக்கும் தனித் தொகை ஒதுக்காத அணைத் திட்டம் எதையும் கம்பத்துக் கூட்டத்தில் ஏற்கக் கூடாது.