ஆரஞ்ச்பர்க் காயில் என்ற பெயரில் விற்கப்படும் மூன்று சென்ட் தபால்தலைகள்: ஓர் எச்சரிக்கை

அமெரிக்கத் தபால்தலைகளைச் சேகரிப்பவர்கள், குறிப்பாக 1908ஆம் ஆண்டில் தொடங்கிய வாஷிங்டன்–பிராங்க்ளின் வரிசையில் (அவ்விருவரின் உருவம் பொறித்த தலைகள்) அரிய காயில் தலைகளை, அதாவது சுருளாகத் தயாரித்த தலைகளை, தேடிக்கொண்டிருப்பவர்கள், இதைப் படித்து முடித்த பிறகு பணம் கட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன். 1911ஆம் ஆண்டின் ஆரஞ்ச்பர்க் காயில் என்று சொல்லி, ஓரம் வெட்டப்பட்ட சாதாரண மூன்று சென்ட் தபால்தலை ஒன்றை இணைய ஏலத்தில் ஒரு விற்பனையாளர் என் தலையில் கட்டினார். அது போலி என்று நிபுணர்கள் எழுத்துப்பூர்வமாகச் சொன்ன பிறகும் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவருகிறார்.

இந்த மோசடி ஏன் இவ்வளவு எளிதாக நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, அந்தக் காலத்துக் காயில் தலைகள் எப்படித் தயாராயின என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சுழல் அச்சு இயந்திரம் வருவதற்கு முன்பு, தட்டையான தகடுகளில் 400 தலைகள் கொண்ட தாளாக அச்சிட்டு, ஒரு திசையில் மட்டும் துளையிட்டு, கீற்றுகளாக வெட்டி, முனையோடு முனை ஒட்டிச் சுருளாக்கினார்கள். ஆகவே அவற்றின் இரண்டு பக்கங்களில் துளைப் பற்கள் இருக்கும். மற்ற இரண்டு பக்கங்கள் மழமழவென்று வெட்டப்பட்டிருக்கும். தாளாகவே விற்கப்பட்ட சாதாரணத் தலைக்கு நான்கு பக்கமும் பற்கள் உண்டு. அச்சுத் தகடு, மை, தாள், தாளுக்குள் மங்கலாகத் தெரியும் நீர்க்குறி ஆகிய எல்லாம் ஒன்றே என்பதால், சாதாரணத் தலையின் மேல், கீழ்ப் பற்களை நறுக்கிவிட்டால் தோற்றத்தில் காயில் தலை கிடைத்துவிடுகிறது. தபால்தலைகளுக்கு எண் கொடுத்து வரிசைப்படுத்தும் ஸ்காட் பட்டியலில் 376ஆம் எண்ணுக்குரிய மூன்று சென்ட் ஊதாத் தபால்தலை, பயன்படுத்திய நிலையில் ஓரிரு டாலருக்குக் கிடைக்கும். அதே தலை காயிலாக வந்தால் 389ஆம் எண். விலை பல்லாயிரம் டாலர். நடுவில் இருப்பது ஒரு கத்தரிக்கோல்தான்.

389 அரிதானதற்கும் காரணம் உண்டு. 12 அளவுத் துளைகள் (இரண்டு சென்டிமீட்டருக்கு 12 துளைகள்) நெருக்கமாக இருந்ததால், தலை ஒட்டும் இயந்திரங்களில் சுருள்கள் எளிதில் கிழிந்தன. அதனால் 1910இலேயே காயில் தலைகளை எட்டரை அளவுத் துளைக்கு மாற்றத் தொடங்கிவிட்டார்கள். அந்த மாற்றக் காலத்தில் 12 அளவுத் துளையோடு வெளிவந்த மூன்று சென்ட் சுருள், நியூயார்க் மாநிலத்தின் ஆரஞ்ச்பர்க்கில் இருந்த பெல் என்ற மருந்து நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மருத்துவர்களுக்கு மாதிரி மருந்துகள் அனுப்பிய உறைகளில் அவர்கள் ஒட்டிய தலைகளே இன்று சேகரிப்பாளர்களிடம் பெரும்பாலும் இருப்பவை. குப்பைக்குப் போக வேண்டிய உறைகளிலிருந்து தப்பி வந்த அந்தச் சிறிய காகிதத் துண்டுகளின் மீது எனக்குப் பல ஆண்டுகளாகத் தீராத ஆசை உண்டு.

விற்பனையாளரின் விளம்பரத்தில், மறைந்த ஒருவரின் பழைய சேகரிப்பிலிருந்து வந்தது என்றும், காயில் என்பதற்கு உத்தரவாதம் உண்டு என்றும் தெளிவாக எழுதியிருந்தது. கூடவே நிபுணர் சான்று என்று ஒரு கடிதமும் இருந்தது. அந்தக் கடிதத்தில் தலையின் புகைப்படம் இல்லை, சரிபார்க்க எண் இல்லை, கையெழுத்திட்டவர் எந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்ற குறிப்பும் இல்லை. இவற்றை முன்கூட்டியே கேட்டபோது, பழைய கடிதங்கள் அப்படித்தான் இருக்கும் என்றும், திருப்தி இல்லாவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்றும் பதில் வந்தது. அந்தப் பதிலை நம்பியே பணம் செலுத்தினேன்.

தலை கைக்கு வந்ததும் பத்து மடங்கு லென்ஸின் கீழ் வைத்துப் பார்த்தேன். மேல் ஓரம் நேராக, பழையதாக இருந்தது. கீழ் ஓரத்தில் மட்டும், ஊசி முனை அளவுக்கு மூன்று இடங்களில், ஆழமில்லாத பிறை வடிவக் குழிவுகள் தெரிந்தன. நறுக்கியவரின் கத்தரிக்கோல் துளைகளின் அடிப்பகுதியை முழுவதுமாகத் தாண்டாமல் விட்ட தடயங்கள் அவை. அடிக்கோலை வைத்து அளந்தால், இடப்பக்கத்து உயரம் வலப்பக்கத்தைவிடச் சுமார் அரை மில்லிமீட்டர் கூடுதல். சுருளுக்காகக் கீற்றாக வெட்டிய தலையில் மேல், கீழ் ஓரங்கள் இணையாக ஓட வேண்டும். முத்திரையிலும் ஊர்ப் பெயரோ தேதியோ இல்லை. எந்த ஊரில் வேண்டுமானாலும் விழுந்திருக்கக்கூடிய இயந்திரக் கோடுகள் மட்டுமே வாஷிங்டனின் கன்னத்தின் மீது ஓடின.

மேல் ஓரம் மட்டும் ஏன் அவ்வளவு நேர்த்தியாக இருந்தது என்பதற்கும் எளிய விடை உண்டு. 400 தலைத் தாளை நூறு நூறாக வெட்டும்போது, வெட்டுக்கோட்டை ஒட்டிய தலைகளுக்கு ஒன்றோ இரண்டோ பக்கங்களில் துளை இல்லாமல் போகும். நூறில் 19 தலைகள் அப்படி வரும். மேற்பக்கம் இயல்பாகவே துளையில்லாத ஒரு தலையை, அதுவும் கீழே அகலமான ஓரம் உள்ளதைத் தேர்ந்தெடுத்தால், ஒரு பக்கத்தை மட்டும் வெட்டினால் போதும், உயரமும் குறையாது. இதைச் செய்தவருக்கு விஷயம் நன்றாகத் தெரியும் என்பதே என் கருத்து.

மறுநாளே விற்பனையாளருக்குப் படங்களுடன் எழுதினேன். நிபுணர் குழுவின் தீர்ப்பு இல்லாமல் பேச முடியாது என்றார். தபால்தலையைப் பரிசோதித்துத் தீர்ப்புச் சொல்ல நிபுணர் குழுவுக்கு வாரக்கணக்கில் ஆகும் என்பது இத்தொழிலில் இருக்கும் எவருக்கும் தெரியும். கீழ்ப் பற்கள் வெட்டப்பட்ட 376 என்று தீர்ப்பு வந்ததும் அதை அனுப்பினேன். இப்போது அவர் காட்டுவது, திருப்பி அனுப்ப 14 நாள்தான் அவகாசம் என்ற தன் விதியை. தீர்ப்பு வேண்டும் என்று முதலில் சொல்லிவிட்டு, தீர்ப்பு வருவதற்குள் காலக்கெடு முடியும்படி வைத்திருப்பதை நான் நாணயமான வணிகம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நல்ல ஏல நிறுவனங்களில் இந்தச் சிக்கல் இல்லை. நிபுணர் குழுவுக்கு அனுப்பப்போகிறேன் என்று வாங்குபவர் முன்கூட்டியே தெரிவித்தால், தீர்ப்பு வரும்வரை திருப்பி அனுப்பும் உரிமையை நீட்டித்துத் தருவது அங்கே வழக்கம். அந்த நீட்டிப்பை, ஏலத்தில் நீங்கள் விலை கேட்பதற்கு முன்பே, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுத்தால் அந்தத் தலையை விட்டுவிடுங்கள். நியூயார்க்கில் 1945 முதல் இயங்கும் பிலாட்டலிக் ஃபவுண்டேஷன், பென்சில்வேனியாவின் பெல்ஃபான்ட்டில் உள்ள அமெரிக்கன் பிலாட்டலிக் சொசைட்டி ஆகியவற்றின் சான்றுகளில் எண்ணும் தலையின் புகைப்படமும் இருக்கும். புகைப்படத்தில் உள்ள முத்திரைக் கோடுகளும் பற்களின் நீளக் குறைவுகளும் உங்கள் கையில் உள்ள தலையோடு ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள். உண்மையான சான்று வேறொரு தலையோடு சேர்ந்து வருவதும் நடக்கக்கூடியதே.

இதே விற்பனையாளர் இப்போது இரண்டு சென்ட் சிவப்பு வாஷிங்டன் ஒன்றை, இரட்டைக் கோட்டு எழுத்துகளால் ஆன நீர்க்குறியும் 11 அளவுத் துளையும் கொண்ட 519ஆம் எண் என்று பட்டியலிட்டிருக்கிறார். 1908ஆம் ஆண்டின் துளையிடாத பழைய தாள்கள் நியூயார்க் தபால் நிலையத்தில் மிஞ்சிக் கிடந்து, 1917இல் துளையிடப்பட்டு விற்பனைக்கு வந்த அரிய தலை அது. அதே இரண்டு சென்ட் தலையின் துளையிடாத வடிவமான 344ஆம் எண் தலைக்கு வீட்டில் துளை போட்டு அதையே 519 என்று விற்பது பழைய ஏமாற்று வேலை. அவர் வைத்திருப்பது உண்மையா போலியா என்று படத்தைப் பார்த்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் புகைப்படமில்லாத, எண்ணில்லாத அதே பாணிக் கடிதம் அதனோடும் இணைக்கப்பட்டிருக்கிறது.

ஏலத் தளத்துக்கும், கடன் அட்டை வழங்கிய வங்கிக்கும், அமெரிக்க அஞ்சல் புலனாய்வுத் துறைக்கும் தீர்ப்பின் நகலோடு புகார் அனுப்பியிருக்கிறேன். இவரிடம் 389 அல்லது 519 என்று சொல்லி வாங்கியவர்கள் யாராவது இருந்தால், விளம்பரத்தின் படம், அவர் எழுதிய பதில்கள், பணம் செலுத்திய ரசீது ஆகியவற்றை அழியாமல் சேமித்து வைத்து, அவரவர் பெயரில் தனித்தனியாகப் புகார் அனுப்புங்கள். தபால்தலையை மட்டும் எக்காரணத்தாலும், பதிவு அஞ்சலும் காப்பீடும் இல்லாமல், அவருக்குத் திருப்பி அனுப்பாதீர்கள்.