புற்றுநோய் மருத்துவமனையின் உணவு ஆலோசனைப் பிரிவு: எங்கள் மதிப்பீடு

சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் என் தந்தையாரின் தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சு சிகிச்சை அளிக்கப்பட்டபோது, அங்குள்ள உணவு ஆலோசனைப் பிரிவைத் தொடர்ந்து பயன்படுத்தினோம். இதற்குத் தனிக் கட்டணம் உண்டு என்பதால் தயங்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் சந்திப்பிலேயே அங்கிருந்த உணவியல் நிபுணர், "நோயைப் போக்கும் உணவு என்று எதுவும் இல்லை, ஐயா. சிகிச்சையைத் தாங்கும் உடலைத்தான் உணவால் தர முடியும்" என்று அப்பாவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். உறவினர்கள் வாங்கி வந்திருந்த முள்சீத்தா இலைப் பொடியைப் பற்றிக் கேட்டபோது, ஆய்வகத்தில் செல்கள் மீது நடந்த சோதனைகளைத் தவிர, மனிதர்களில் அது புற்றைக் குணப்படுத்தும் என்பதற்குச் சான்று இல்லை என்றார். சமையலில் சேரும் மஞ்சளுக்குத் தடையில்லை. ஆனால் மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருளைச் செறிவாகக் கொண்ட மாத்திரைகள் சில மருந்துகளின் செயலில் குறுக்கிடக்கூடும் என்பதால், மருத்துவரிடம் சொல்லாமல் எடுக்கக் கூடாது என்றார். சர்க்கரையை நிறுத்தினால் புற்று பட்டினியால் சாகும் என்ற நம்பிக்கையையும் அவர் பொறுமையாகத் திருத்தினார். சர்க்கரையை நிறுத்தினாலும் உடல் தானாகவே குளுக்கோஸைத் தயாரித்துக்கொள்ளும். போதிய உணவு இல்லாவிட்டால் அதற்குத் தசையைத்தான் கரைக்கும்.

எங்களுக்கு மிகவும் உதவியது கஞ்சியைப் பற்றிய அறிவுரை. விழுங்க முடியாதவருக்கு நீர்த்த அரிசிக் கஞ்சி கொடுப்பது நம் வீடுகளின் வழக்கம். அது வயிற்றை நிரப்புமே தவிர, சக்தியும் புரதமும் அதில் மிகக் குறைவு. கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரியும், 1 முதல் 1.5 கிராம் வரை புரதமும் வேண்டும் என்ற கணக்கில், 60 கிலோ எடையுள்ள அப்பாவுக்குக் குறைந்தது 1500 கலோரி தேவைப்பட்டது. அதே கஞ்சியில் பாசிப்பருப்பு, பால் பொடி, நெய், நன்றாக அரைத்த வேர்க்கடலை ஆகியவற்றைச் சேர்த்து, சிறிது சிறிதாகப் பல வேளை கொடுக்கச் சொன்னார். வாய்ப்புண் வந்ததும் புளியையும் மிளகாயையும் நிறுத்தி, ஆறிய கேழ்வரகுக் கூழும் குழைய வேகவைத்த முட்டையும் கொடுத்தோம். வாரந்தோறும் எடை பார்த்து, குறையும்போதெல்லாம் அளவை மாற்றித் தந்தார்கள். மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டிய நிலை அப்பாவுக்கு வரவே இல்லை. அதற்கு இந்தக் கவனிப்பும் ஒரு காரணம் என்றே நம்புகிறேன்.

குறை ஒன்று உண்டு. கையில் கொடுக்கும் அச்சுத் தாள் முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. புரோக்கோலி, ஆலிவ் எண்ணெய் என்று எங்கள் சமையலறையில் இல்லாத பொருள்களே அதில் நிறைந்திருக்கின்றன. சமைப்பவர் அம்மா என்பதால், நிபுணர் வாய்மொழியாகச் சொன்னவற்றை நாங்களே தமிழில் எழுதி வைத்துக்கொண்டோம். தமிழ்நாட்டில் இயங்கும் மருத்துவமனை இதைச் சரிசெய்தே ஆக வேண்டும்.

பிள்ளைகளான எங்களுக்கு நோய்த்தடுப்பைப் பற்றியும் அவர் தனியாகச் சொன்னார். தொண்டைப் புற்றுக்குப் புகையிலையும் மதுவுமே முதன்மைக் காரணங்கள் என்பதால், அவற்றைத் தொடாமல் இருப்பதைத்தான் முதலில் வலியுறுத்தினார். அடுத்ததாக, நாள்தோறும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி உண்பது பெருங்குடல் புற்றின் அபாயத்தை ஏறத்தாழ 18 சதவீதம் கூட்டுகிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் அறிவித்ததைச் சுட்டிக்காட்டினார்.

இந்தப் பிரிவை அணுக விரும்புவோர், எடை குறையத் தொடங்கும் வரை காத்திராமல், கதிர்வீச்சு தொடங்கும் முன்பே முதல் சந்திப்பை வைத்துக்கொள்ளுங்கள்; வீட்டில் சமைப்பவரையும் தவறாமல் உடன் அழைத்துச் செல்லுங்கள்.