சனிக்கிழமை மூன்று மணி ஆட்டம்: லண்டனில் ஏழு ஆண்டுகள், நியூ ஜெர்சியில் ஒன்பது ஆண்டுகள்

2009 முதல் 2016 வரை கிழக்கு லண்டனில், வெஸ்ட் ஹாம் அணியின் பழைய மைதானமான போலின் கிரவுண்டுக்கு நடந்து போகும் தொலைவில் குடியிருந்தேன். 2016 கோடையில் நியூ ஜெர்சியின் எடிசனுக்கு வந்து சேர்ந்தேன். இரண்டு ஊர்களிலும் விடாமல் சந்தா கட்டிப் பார்த்து வருவது இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்து ஒன்றைத்தான். ஆட்டம் நடக்கும் நாட்டிலிருந்து ஏறத்தாழ 3,500 மைல் தள்ளியிருக்கும் இந்த ஊரில்தான் அதைத் தொலைக்காட்சியில் முழுமையாகப் பார்க்க முடிகிறது என்பது என் அனுபவம்.

காரணம், இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை எந்தக் கால்பந்து ஆட்டத்தையும் நேரலையாகக் காட்டக் கூடாது என்ற தடை. பெரிய அணிகளின் ஆட்டம் வீட்டுக்குள்ளேயே கிடைத்துவிட்டால் சிறிய ஊர்களின் மைதானங்கள் காலியாகிவிடும் என்று 1960களில் பர்ன்லி அணியின் தலைவர் பாப் லார்ட் வாதிட்டார்; மற்ற அணிகளின் தலைவர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள். பின்னாளில் ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியத்தின் விதிகளில் 48ஆம் பிரிவு இத்தகைய இரண்டரை மணி நேரத் தடைக்கு இடம் கொடுத்தது. வாரத்தின் பத்து ஆட்டங்களில் நான்கோ ஐந்தோ பொதுவாகச் சனிக்கிழமை மூன்று மணிக்குத்தான் தொடங்கும். ஆகவே லண்டனில் ஆடும் ஆட்டத்தைச் சென்னையிலும் சிங்கப்பூரிலும் பார்க்கலாம், லண்டனில் பார்க்க முடியாது.

எங்கள் வீட்டில் அது இன்னும் கூர்மையாக உறுத்தியது. வெஸ்ட் ஹாம் சொந்த மைதானத்தில் மூன்று மணிக்கு ஆடும் நாள்களில், மதியத்திலிருந்தே கிரீன் ஸ்ட்ரீட் முழுவதும் செந்நிறமும் வெளிர்நீலமும் கலந்த சட்டைகள் நகரும். ஆட்டம் தொடங்கிய பிறகு தெரு வெறிச்சோடிவிடும். சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்தால் முப்பத்தைந்தாயிரம் பேரின் குரல் காற்றில் வரும். உள்ளூர் அணி கோல் போட்டால் எழும் ஆரவாரம் ஒரு விதம், நழுவிப்போன வாய்ப்புக்கு எழும் பெருமூச்சு இன்னொரு விதம். எதிரணி கோல் போட்டால் தொலைவில் ஒரு மூலையிலிருந்து மெல்லிய கூச்சல் மட்டும் கேட்கும். சில மாதங்களில் ஓசையை வைத்தே ஆட்டத்தின் நிலையைச் சொல்லக் கற்றுக்கொண்டேன். ஆனால் மாதந்தோறும் பணம் கட்டி வாங்கிய விளையாட்டு அலைவரிசைகளில் ஒன்றில்கூட அந்த ஆட்டம் இருக்காது.

அந்த நேரத்தில் தொலைக்காட்சியில் ஓடியது ஸ்கை ஸ்போர்ட்ஸின் சாக்கர் சாட்டர்டே. முன்னாள் ஆட்டக்காரர்கள் வரிசையாக அமர்ந்து, காதில் ஹெட்ஃபோனுடன் தங்கள் முன்னால் இருக்கும் திரைகளில் ஆட்டங்களைப் பார்ப்பார்கள்; அந்தத் திரைகள் நமக்குத் தெரியாது. அவர்கள் முகம் மாறுவதையும், அப்போதைய தொகுப்பாளர் ஜெஃப் ஸ்டெல்லிங் அவர்களை ஒவ்வொருவராக அழைத்துக் கேட்பதையும்தான் நாம் பார்ப்போம். வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு இது விசித்திரமாகத் தோன்றும். நான் அந்த நிகழ்ச்சியை மனதார விரும்பினேன். நான்காம் நிலை லீக்கில் விழுந்த கோலுக்கும் அங்கே இடம் உண்டு என்பது முக்கியக் காரணம். இரவு பத்தரை மணி வாக்கில் பிபிசியின் மேட்ச் ஆஃப் தி டே வரும். 1964 ஆகஸ்ட் 22 அன்று லிவர்பூல், ஆர்சனலை 3-2 என்று வென்ற ஆட்டத்துடன் தொடங்கிய அந்த நிகழ்ச்சியில் அன்றைய கோல்களைப் பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போவேன்.

செலவைச் சொல்ல வேண்டும். தொலைக்காட்சி உரிமக் கட்டணம் அப்போது ஆண்டுக்கு 145.50 பவுண்டு. அதற்கு மேல் ஸ்கை சந்தா. 2013இல் பிடி ஸ்போர்ட் வந்ததும் அதற்கும் தனிச் சந்தா. இவ்வளவுக்கும் 2013 முதல் 2016 வரை பருவம் ஒன்றின் 380 ஆட்டங்களில் 154 மட்டுமே நேரலையாகக் கிடைத்தன. நிலைமை இப்போது மாறியிருக்கிறது: 2025-26 பருவம் முதல் ஸ்கையும், பிடி ஸ்போர்ட்டின் இன்றைய வடிவமான டிஎன்டி ஸ்போர்ட்ஸும் சேர்ந்து குறைந்தது 267 ஆட்டங்களைக் காட்டுகின்றன. மூன்று மணி ஆட்டங்களுக்கான தடை மட்டும் அப்படியே நிற்கிறது.

அமெரிக்காவில் 2013 முதல் ஒளிபரப்பு உரிமை என்பிசி நிறுவனத்திடம் உள்ளது. 380 ஆட்டங்களும் ஏதோ ஒரு வழியில் நேரலையாக வரும். நான் வந்தபோது கேபிள் இணைப்பு இருந்தாலே போதும். 2017இல் கேபிளில் வராத ஆட்டங்களுக்கு ஆண்டுக்கு 49.99 டாலர் என்று தனிச் சந்தா வந்தது. 2020 முதல் என்பிசியின் பீகாக் செயலி. அப்போது மாதம் 4.99 டாலராக இருந்த கட்டணம் படிப்படியாக ஏறி 2025 ஜூலையில் 10.99 டாலர் ஆகிவிட்டது. சில ஆட்டங்கள் பீகாக்கில் மட்டும், சில கேபிளில் வரும் யுஎஸ்ஏ நெட்வொர்க்கில் மட்டும் வருவதால் இரண்டும் தேவைப்படுகின்றன. இருந்தும் என்னை இன்னும் நெகிழ வைப்பது, சில சனிக்கிழமைகளில் எங்கள் நேரப்படி நண்பகல் 12.30க்கு வரும் ஆட்டம் என்பிசியின் பொது அலைவரிசையில் வருவதுதான். சாதாரண ஆண்டெனா வைத்திருப்பவர் ஒரு காசு கொடுக்காமல் அதைப் பார்க்கலாம். இங்கிலாந்தில் 2020 கொரோனா காலத்தில் விதிவிலக்காகக் காட்டிய சில ஆட்டங்களைத் தவிர, பிரீமியர் லீக் நேரலை இலவசமாகக் கிடைத்து நான் கண்டதில்லை.

லண்டனில் பிற்பகல் 12.30க்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே காலை 7.30க்கு வரும்; மூன்று மணி ஆட்டம் பத்து மணிக்கு; ஐந்தரை மணி ஆட்டம் நண்பகல் 12.30க்கு. வீட்டில் மற்றவர்கள் எழுவதற்கு முன் காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், பிற்பகல் இரண்டரை மணிக்குள் மூன்று ஆட்டங்களும் முடிந்துவிடும். அதன் பிறகு சந்தைக்கும் பிள்ளைகளின் வகுப்புக்கும் நாள் மிச்சமிருக்கும். கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்கு முதல் ஆட்டம் விடிகாலை 4.30க்கு, அவர்களுடைய பாடு வேறு. மார்ச்சில் அமெரிக்கா கடிகாரத்தை முன்தள்ளி இங்கிலாந்து தள்ளாமல் இருக்கும் இரண்டு, மூன்று வாரங்களில் இடைவெளி நான்கு மணி நேரமாகச் சுருங்குவதை மறக்க வேண்டாம். முதல் ஆண்டு அதை மறந்து, ஒரு ஆட்டத்துக்காக வெற்றுத் திரையின் முன் ஒரு மணி நேரம் காத்திருந்தேன்.

அமெரிக்க ஒளிபரப்பு மேலோட்டமாக இருக்கும் என்ற அச்சத்துடன் வந்தேன். அது வீண். தொகுப்பாளர் ரெபெக்கா லோ இங்கிலாந்துக்காரர். உடன் அமரும் ராபி எர்ல், ராபி முஸ்டோ இருவரும் இங்கிலாந்தில் நெடுங்காலம் ஆடியவர்கள். தெரியாத பார்வையாளருக்கும் புரியும்படி விளக்குகிறார்கள், ஆனால் தெரிந்தவரைச் சலிப்பூட்டுவதில்லை. 2022இல் என்பிசிக்கு வந்த பீட்டர் ட்ரூரியின் வர்ணனையை அடுத்த ஆண்டு ஸ்கையும் சேர்த்துக்கொண்டதால், பெரிய ஆட்டங்களில் இரு நாட்டிலும் ஒரே குரல்தான் கேட்கிறது. சூதாட்ட விளம்பரங்கள் மட்டும் இங்கே மிக அதிகம். இங்கிலாந்தில் 2019 முதல், இரவு ஒன்பது மணிக்கு முந்தைய நேரலைகளில் ஆட்டத்தின்போது அவற்றைக் காட்டுவதை நிறுத்தியிருக்கிறார்கள். பிள்ளைகளோடு பார்க்கிறவன் என்ற முறையில் அந்த ஏற்பாடு இங்கும் வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

குறைகளும் உண்டு. லீக் ஒரு நிறுவனத்திடம், எஃப்ஏ கோப்பை இன்னொன்றிடம், ஐரோப்பியப் போட்டிகள் வேறொன்றிடம். 2023 ஜூன் 7 அன்று பிராகில் வெஸ்ட் ஹாம், ஃபியோரென்டினாவுடன் கான்ஃபரன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் மோதியபோது, அந்த ஒரு ஆட்டத்துக்காக இன்னொரு செயலிக்குப் பணம் கட்டினேன். அலுவலகத்தில் விடுப்புச் சொல்லி, மூன்று மணிக்கு வீட்டில் உட்கார்ந்தேன். இணைய ஒளிபரப்பு சில நொடிகள் தாமதமாகவே வரும். தொண்ணூறாவது நிமிடத்தில் வெஸ்ட் ஹாமின் ஜாரட் போவன் இன்னும் நடுப்பகுதியில் ஓடத் தொடங்காத நிலையில், கிழக்கு லண்டன் நண்பரிடமிருந்து வரிசையாகச் செய்திகள் வந்து கைபேசி அதிர்ந்தது. நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அணி வென்ற பெரிய கோப்பை அது. வெற்றிக் கோலைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அறிந்துகொண்டேன். அன்றிலிருந்து ஆட்டம் முடியும்வரை கைபேசியை வேறு அறையில் வைத்துவிடுகிறேன்.

இவ்வளவு சொன்ன பிறகும், அந்தத் தடையை நான் இப்போது முன்போல வெறுக்கவில்லை. மூன்று மணிக்கு வீட்டில் எதுவும் இல்லாததால்தான், ஒருநாள் லண்டன் சுரங்க ரயிலின் டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறி டாகன்ஹாம் ஈஸ்டில் இறங்கி, விக்டோரியா ரோடு மைதானத்தில் டாகன்ஹாம் அண்ட் ரெட்பிரிட்ஜ் அணியின் ஆட்டத்தைப் பார்த்தேன். சில ஆயிரம் பேர் கொள்ளும் மைதானம். பந்தை உதைக்கும் ஓசையும் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவதும் காதில் விழுந்தன. அதன்பின் அடுத்தடுத்த பருவங்களில் பலமுறை போனேன். பாப் லார்ட் எண்ணியது என் விஷயத்தில் அப்படியே நடந்தது. எடிசனில் பத்து மணிக்கு ஐந்து ஆட்டங்கள் ஒரே நேரத்தில் கிடைக்கும்போது, பக்கத்து ஊரின் சிறிய அணி எதுவென்று தேடிப் போகும் எண்ணம் இந்த ஒன்பது ஆண்டுகளில் எனக்கு ஒருமுறையும் எழவில்லை.

போன முறை லண்டனுக்குப் போயிருந்தபோது நடுவில் ஒரு சனிக்கிழமை வந்தது. வெஸ்ட் ஹாமுக்கு மூன்று மணி ஆட்டம். நண்பர் வீட்டுத் தொலைக்காட்சியில் வழக்கம்போல இல்லை. இருவரும் கிழக்கு லண்டனின் சிறிய அணியான லேட்டன் ஓரியண்டின் பிரிஸ்பேன் ரோடு மைதானத்துக்கு நடந்து போனோம். இடைவேளையில் மற்ற மைதானங்களின் நிலவரத்தை ஒலிபெருக்கியில் வாசித்தபோது, எங்களைச் சுற்றியிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள். வெஸ்ட் ஹாமின் பெயர் வரும்வரை நானும் அப்படியே நின்றிருந்தேன்.